கறுப்பு காரில் போகாத வெள்ளைப் புள்ளிகள்: முதலில் அந்தத் துணியைக் கீழே வையுங்கள்

கேள்வி: மேடவாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். கறுப்பு நிறக் கார்; வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பானெட், கூரை, டிக்கி எங்கும் வெள்ளை வெள்ளையாக வட்டப் புள்ளிகள். ஷாம்பு போட்டுக் கழுவினாலும் போகவில்லை. ஈரமாக இருக்கும்போது மறைந்துவிடுகின்றன. காய்ந்ததும் மீண்டும் தெரிகின்றன. செராமிக் கோட்டிங் என்ற பாதுகாப்புப் பூச்சு அடித்தால் தீர்ந்துவிடும், 28,000 ரூபாய் ஆகும் என்று சர்வீஸ் சென்டரில் சொல்கிறார்கள். தினமும் வண்டி துடைக்க வருபவரோ, கழிவறை கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து துடைத்தால் போதும் என்கிறார். எதைச் செய்யலாம்?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். கழிவறைத் திரவத்தை இன்றைக்கே மறந்துவிடுங்கள். அதில் பெரும்பாலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். புள்ளி போவது உண்மைதான். கூடவே குரோம் பட்டை வெளிறும், அலுமினியப் பாகங்கள் கறுக்கும், கதவிடுக்கில் இறங்கிய துளி எங்கே தங்கி எப்போது துருவாக வெளிவரும் என்று யாருக்கும் தெரியாது. யோசனை சொன்னவர் பெயிண்ட் செலவுக்குப் பணம் தரப்போவதில்லை. கோட்டிங் விஷயத்தைப் பிறகு பார்க்கலாம். அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது உப்புத் தண்ணீர்க் கறை. உங்கள் பகுதியில் கார் கழுவுவது பெரும்பாலும் போர்வெல் தண்ணீரிலோ லாரித் தண்ணீரிலோதான். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லை என்றால் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். மோட்டார் போட்டு ஏற்றும் தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்று நம்மில் பலர் பார்த்ததே இல்லை. கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கி ஒரு முறை அளந்து பாருங்கள். தண்ணீர் ஆவியாகிவிடும், அதிலிருந்த கால்சியமும் மெக்னீசியமும் பெயிண்ட் மேலேயே தங்கிவிடும். பக்கத்து வீட்டு வெள்ளைக் காரிலும் இதே கறை இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் கறுப்பு நிறம் வெயிலை அதிகமாக உறிஞ்சுகிறது. தகடு சீக்கிரம் சூடேறுகிறது. துடைக்கும் முன்பே துளி காய்ந்து ஒட்டிக்கொள்கிறது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் பார்க்கும் பளபளப்பு கறுப்புப் பெயிண்டில் இல்லை. அதற்கு மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சில் இருக்கிறது. அதன் தடிமன் சுமார் 40, 50 மைக்ரான். தலைமுடியை விட மெல்லியது. தேய்ப்பதெல்லாம் இதைத்தான் தேய்க்கிறது. தேய்ந்தது திரும்ப வளராது.

ஈரத்தில் மறைகிறது என்றீர்கள். மேலே உப்பு படிந்திருந்தாலும் அப்படித்தான் இருக்கும், கிளியர் கோட்டை உப்பு அரித்துக் குழி ஆகியிருந்தாலும் அப்படித்தான் இருக்கும். ஆகவே அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. ஒரு சிறிய இடத்தில் வினிகர் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மளிகைக் கடையில் கிடைக்கும் நிறமற்ற வெள்ளை வினிகரை வாங்குங்கள். வீட்டு ஆர்.ஓ. குடிநீரைச் சம அளவு கலந்துகொள்ளுங்கள். வண்டி நிழலில் நிற்க வேண்டும். பானெட்டில் கை வைத்தால் குளிர்ந்திருக்க வேண்டும். சூடான தகட்டில் வினிகர் நொடியில் காய்ந்து தானே ஒரு புதிய கறையைப் போட்டுவிடும். முதலில் நன்றாகக் கழுவித் தூசியை எடுத்துவிட்டு, மைக்ரோஃபைபர் துணியை வினிகர்க் கலவையில் நனைத்து, புள்ளிகள் மேல் படுக்க வையுங்கள். ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு. பிறகு அழுத்தாமல் ஒரே திசையில் இழுத்து எடுங்கள். உடனே தண்ணீர் ஊற்றி, ஷாம்பு போட்டுக் கழுவி, காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பாதிப் புள்ளிகள் போய்விட்டால் மீதிக்கு இன்னொரு முறை. இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். அதன் பிறகும் இருந்தால் கார் பொருள்கள் விற்கும் கடையில் தண்ணீர்க் கறைக்கென்றே விற்கும் திரவத்தை வாங்கி, பாட்டிலில் எழுதியிருப்பதைப் படித்துப் பயன்படுத்துங்கள்.

புள்ளி போய்விட்டது, ஆனால் கை வைத்தால் சொரசொரப்பு இருக்கிறதா? ஒரு பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பெயிண்ட் மேல் தடவுங்கள். வெறும் விரலுக்குத் தெரியாததும் தெரியும். அந்தச் சொரசொரப்பை எடுக்கக் கிளே பார் என்ற களிமண் கட்டி இருக்கிறது. ஷாம்புத் தண்ணீர் தாராளமாகத் தெளித்து, வழுக்கிக்கொண்டே போகுமாறு லேசாகத் தடவ வேண்டும். கட்டி தரையில் விழுந்தால் குப்பைத் தொட்டிதான். எடுத்துத் துடைத்துப் பயன்படுத்தாதீர்கள்.

அதற்கும் புள்ளி அசையாமல், செல்பேசி டார்ச்சைச் சாய்வாக அடித்தால் வட்டத்தின் விளிம்பு மட்டும் கோடு போட்டதுபோல் தெரிகிறதென்றால் கிளியர் கோட் அரிக்கப்பட்டுவிட்டது. இனி மிஷின் பாலிஷ் ஒன்றுதான் வழி. இங்கேதான் எச்சரிக்கை தேவை.

ரோட்டோரக் கடைகளில் 'ரப்பிங்' என்று ஒன்று செய்வார்கள். காம்பவுண்ட் என்ற முரட்டுத் தேய்ப்புப் பசையைத் தடவி, கம்பளிப் பஞ்சு மாட்டிய மிஷினை வேகமாக ஓட்டுவார்கள். மாலையில் வண்டியை எடுக்கும்போது முகம் பார்க்கலாம். மறுநாள் வெயிலில் நிறுத்தினால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை போல வட்டக் கீறல்கள். சில பெரிய கடைகளின் வேலை இன்னும் நயமானது: எண்ணெய்ப் பசையுள்ள பாலிஷைப் பூசி, குழிகளையும் கீறல்களையும் நிரப்பி மறைத்துவிடுவார்கள். நான்கைந்து முறை கழுவினால் எல்லாம் பழையபடி வந்து நிற்கும். திரும்பிப் போய்க் கேட்டால், "உங்கள் ஏரியா தண்ணீர் சரியில்லை சார்" என்பார்கள். பணம் கொடுப்பதற்கு முன், எண்ணெய்ப் பசையை எடுக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தெளித்து ஒரு பகுதியைத் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். பூச்சு போய் உண்மை நிலை தெரிந்துவிடும். வேலை தொடங்குமுன் பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். 'அதெல்லாம் கண்ணாலேயே தெரியும்' என்ற பதில் வந்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

இப்போது கோட்டிங். செராமிக் கோட்டிங் கறையை எடுக்காது. கறையைச் சரியாக எடுக்காமல் அதன் மேல் பூசினால் புள்ளி உள்ளே அடைபட்டுவிடும். பிறகு பூசியதையும் சேர்த்துத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். உப்புக் கறை இனி வராது என்பதும் பொய். கோட்டிங் மேல் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். அந்த முத்து வெயிலில் காய்ந்தால் இன்னும் அழகான வட்டக் கறை கிடைக்கும். '9எச் கடினம்' என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. மண் துகளோடு இழுக்கும் துணிக்கு அது பதில் சொல்லாது. 'மூன்று வருட வாரண்டி' அட்டையைத் திருப்பிப் படியுங்கள்: பெரும்பாலும் சில மாதங்களுக்கு ஒரு முறை அவர்களிடமே காசு கொடுத்துப் பராமரிப்புச் செய்ய வேண்டும், ஒன்றைத் தவறவிட்டால் வாரண்டி போயிற்று, பறவை எச்சமும் தண்ணீர்க் கறையும் எப்படியும் அதில் சேராது. ஒரு காருக்கு முழுதாகப் பூச 30 முதல் 50 மில்லி பாட்டில் ஒன்று போதும். அதைக்கூடக் கண் முன்னால் சீல் உடைத்துப் பூசுபவர்கள் குறைவு.

புதுக் கார் எடுக்கும்போதே 'கோட்டிங் சேர்த்துத்தான் டெலிவரி' என்று பில்லில் ஏற்றிவிடும் ஷோரூம்களையும் பார்த்துவிட்டேன். ஒரு பொருளை வாங்க இன்னொன்றையும் வாங்கு என்று கட்டாயப்படுத்துவது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 'கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை'; அதை எதிர்த்துப் புகார் செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் சொல்லலாம். சொல்லலாம்தான்; நல்ல நாள் பார்த்து வண்டி எடுக்கக் குடும்பத்தோடு வந்து நிற்பவர் எங்கே சொல்கிறார்? அது தெரிந்துதான் கடைசி நாளில் அந்த பில்லை நீட்டுகிறார்கள்.

இதுவரை சொன்னது தண்ணீர்க் கறைக்கு. உங்கள் வண்டி அடித்தளப் பார்க்கிங்கில் நிற்கிறதென்றால் இன்னொன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இதைப் பலரும் தண்ணீர்க் கறை என்று நினைத்துத் தேய்த்து வண்டியைக் கெடுத்திருக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

மேலே தோட்டமோ திறந்த வெளியோ இருந்தால் மழைத் தண்ணீர் கான்கிரீட் விரிசல் வழியாக இறங்கும். வரும் வழியில் சிமென்டிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வரும். கூரையிலிருந்து சொட்டும்போது அது கடுமையான காரம். சில நாள் விட்டாலே பெயிண்டைத் தின்னும். காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து இறுகினால் கல்லாகிவிடும். குகைகளில் தொங்கும் சுண்ணாம்புக் கூம்புகளில் இருப்பதும் இதே கல்தான். அடையாளம் எளிது. தண்ணீர்க் கறை வண்டி முழுக்கப் பரவியிருக்கும், தடவினால் பெரிதாகத் தட்டுப்படாது. சுண்ணாம்புச் சொட்டு ஒரே இடத்தில் அல்லது ஒரே வரிசையில் விழுந்திருக்கும், காசு அளவுக்குப் பெரிதாக, மேடாக, சில நேரம் கீழே வழிந்த தடத்தோடு. அண்ணாந்து பாருங்கள், நேர் மேலே வெள்ளைக் கோடு பூத்திருக்கும்.

இதை நகத்தாலோ பிளேடாலோ ஏடிஎம் கார்டாலோ சுரண்டாதீர்கள். வினிகரில் நனைத்த துணியை ஐந்து நிமிடம் போர்த்தி வையுங்கள், காய விடாமல். நுரை எழும். கழுவிவிட்டு மறுபடியும் போர்த்துங்கள். படலம் படலமாகத்தான் கரையும். ஒரே நாளில் முடிக்க நினைத்தால் கை தானாகச் சுரண்டப் போகும். முழுதும் கரைந்த பிறகு அடியில் மங்கிய தழும்பு தெரிந்தால் பாலிஷ் ஓரளவுக்குத்தான் உதவும். ஆழமாகப் போயிருந்தால் அந்தத் தகட்டுக்கு மட்டும் பெயிண்ட் அடிக்க வேண்டியிருக்கும். கார் கவர் போட்டுவிட்டேன் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். நனைந்த கவர் அந்தக் காரத் தண்ணீரைப் பெயிண்டோடு ஒட்ட வைத்துப் பிடித்துக்கொள்ளும்.

கூரைக் கசிவைச் சரிசெய்யும் செலவு உங்களுடையதாக இருக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, குடியிருப்பை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறைகளைத் தெரிவித்தால், கட்டியவர் 30 நாளுக்குள் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். நடப்பது என்ன? வாட்ஸ்ஆப் குழுவில் படம் போடுவார்கள், பத்துப் பேர் கட்டைவிரலை உயர்த்துவார்கள், மழைக்காலம் முடிந்ததும் எல்லாரும் மறந்துவிடுவார்கள். குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் கட்டியவருக்கு எழுத்தில், தேதியோடு, படத்தோடு கொடுங்கள். அதுவரை வண்டியை வேறு இடத்தில் நிறுத்துங்கள்.

இனி, கறை போன பிறகு காரைச் சுத்தமாக வைத்திருப்பது எப்படி? தினமும் துடைப்பதை நிறுத்துங்கள். கறுப்பு காருக்கு முதல் எதிரி பறவையும் அல்ல, தண்ணீரும் அல்ல. காலை ஆறு மணிக்கு ஒரே வாளித் தண்ணீரில் பதினைந்து வண்டி துடைக்கும் அந்தத் துணி. முதல் வண்டியின் மண் உங்கள் வண்டியில் கீறல் போடுகிறது. வேலை செய்பவரைக் குறை சொல்லவில்லை. அந்தக் கூலிக்கு, அந்த அவசரத்தில் அவரால் வேறு எப்படியும் செய்ய முடியாது. அதே மாதப் பணத்தைக் கொடுத்து, வாரம் ஒரு முறை மட்டும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லுங்கள். துணி உங்களுடையதாக இருக்கட்டும். ஷாம்புக்கு ஒரு வாளி, துணியை அலச இன்னொரு வாளி. மேலிருந்து கீழே வர வேண்டும். சக்கரத்தைத் தொட்ட துணி மறுபடியும் மேலே ஏறக் கூடாது. பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம், அது பெயிண்டைக் காக்கும் மெழுகுப் பூச்சான வேக்ஸை எடுத்துவிடும்.

கடைசியாக ஊற்றும் தண்ணீர்தான் கறையைத் தீர்மானிக்கிறது. ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுத் தண்ணீரைச் சேமித்து வண்டி கழுவுங்கள் என்று ஊரெல்லாம் அறிவுரை சொல்கிறார்கள். தண்ணீர்ச் சிக்கனம் நல்லதுதான், ஆனால் உப்பு முழுவதும் திரண்டிருப்பது அந்தக் கழிவில்தான். தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதில் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடியுங்கள். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து வருவதால் அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. சென்னைப் புழுக்கத்தில் ஓர் இரவு ஓடினால் சில லிட்டர் சேரும். பானெட்டையும் கூரையையும் கடைசியாக அலச அது போதும். பிறகு உடனே ஒற்றித் துடைத்துவிடுங்கள். சில மாதங்களுக்கு ஒரு முறை நல்ல வேக்ஸ், உங்கள் கையாலேயே.

பறவை எச்சத்தை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள். ஈரத் துணியை மேலே போட்டு ஊற வைத்து, அள்ளி எடுங்கள். அன்றைக்கே. தார்ப் புள்ளிக்குத் தார் நீக்கும் திரவம் தனியாக விற்கிறார்கள், பெட்ரோல் வேண்டாம்.

சர்வீஸுக்கு விடும்போது இலவசமாகக் கழுவித் தருவார்கள். எல்லா வண்டிக்கும் ஓடிய அதே பிரஷ்தான் உங்கள் வண்டிக்கும். செய்ய வேண்டிய வேலைகளை எழுதும் ஜாப் கார்டில் 'கழுவ வேண்டாம், துடைக்க வேண்டாம்' என்று உங்கள் முன்னிலையில் எழுதச் சொல்லி, அதைப் படம் எடுத்துக்கொண்ட பிறகே சாவியைக் கொடுங்கள்.