முதல் சுற்று 72 வினாடி

வணக்கம் ஐயா,

வேலூரை அடுத்த கணியம்பாடி பக்கத்தில் ஒரு கிராமம் எனக்கு. ராணுவ ஆள்சேர்ப்புக்குத் தயாராகி வருகிறேன். 1,600 மீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால்தான் முழு மதிப்பெண். எனக்கு 5 நிமிடம் 50 வினாடி ஆகிறது. நான்கு சுற்றும் 72, 85, 94, 99 வினாடி. உசேன் போல்ட் மாதிரி எடுத்த எடுப்பிலேயே பாய வேண்டும் என்கிறார் கூட ஓடும் அண்ணன். சாதனை படைப்பவர்களுக்கு உடம்பே வேறு, உனக்கு வராது என்கிறார்கள் வீட்டில். அப்படித்தானா?

அன்புள்ள தம்பி,

சுற்று வாரியாக நேரத்தைக் குறித்து அனுப்பியிருக்கிறீர்கள். அதுவே பாதி வேலை. பதில் அந்த நான்கு எண்களுக்குள்தான் இருக்கிறது.

முதலில் போல்ட். 2009 ஆகஸ்டில் பெர்லினில் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடினார். அந்த ஓட்டத்தை இருபது இருபது மீட்டராகப் பிரித்து அளந்திருக்கிறார்கள். முதல் 20 மீட்டருக்கு 2.89 வினாடி. அப்புறம் 1.75, 1.67, 1.61. கடைசி 20 மீட்டருக்கு 1.66. பார்த்தீர்களா, போல்டே கடைசியில் வேகம் குறைந்துதான் கோட்டைத் தாண்டியிருக்கிறார். நூறு மீட்டருக்கே முழு வேகம் தாங்காது என்றால், நீங்கள் ஓடுவது அதைப்போல் பதினாறு மடங்கு.

அண்ணனிடம் வேறொரு ஓட்டத்தைச் சொல்லுங்கள். 1954 மே 6, ஆக்ஸ்போர்டு. ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் மனிதனால் ஓட முடியுமா என்று உலகமே கேட்டுக்கொண்டிருந்த காலம். மைல் என்பது 1,609 மீட்டர். உங்கள் ஓட்டத்தைவிட ஒன்பது மீட்டர்தான் கூடுதல். ஓடிய ரோஜர் பானிஸ்டர் மருத்துவ மாணவர். மருத்துவ மாணவர்களின் தூக்கம் கெட்ட கண்களை வேலூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மதிய இடைவேளையில் ஓடிப் பழகியவர் அவர். அன்று அவருடைய சுற்றுகள் 57.5, 60.7, 62.3, 58.9. மொத்தம் 3 நிமிடம் 59.4 வினாடி. முன்னால் ஓடி வேகம் பிடித்துக் கொடுக்க பிராஷர், சாட்டவே என்று இரண்டு நண்பர்கள் இருந்தார்கள். அவருடைய வேகமான சுற்றுக்கும் மெதுவான சுற்றுக்கும் இடையே ஐந்து வினாடிகூட இல்லை. உங்களுக்கு 27.

மாரத்தானிலும் இதே கதைதான். 2023 அக்டோபரில் சிகாகோவில் கெல்வின் கிப்டம் 2 மணி 35 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். முதல் பாதியைவிட இரண்டாம் பாதியை ஒரு நிமிடம் வேகமாக ஓடினார். கணக்குப் போட்டால் ஒவ்வொரு 1,600 மீட்டருக்கும் சுமார் 4 நிமிடம் 34 வினாடி. அப்படி இருபத்தாறு தடவை, நிற்காமல்! அடுத்த பிப்ரவரியில் சாலை விபத்தில் இறந்துபோனார். 24 வயது. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது.

உடம்பு விஷயத்தில் வீட்டில் சொல்வது பொய்யில்லை. போல்டின் உயரமும் தசை வாகும் பிறப்பில் வந்தவை. பயிற்சியால் வாங்க முடியாது. ஆனால் நீங்கள் உலக சாதனைக்கு ஓடவில்லை. உங்களுக்கு வேண்டியது 20 வினாடி, அது உங்கள் முதல் சுற்றிலேயே வீணாகிக்கொண்டிருக்கிறது.

விடியற்காலையில் கோட்டை மைதானத்தில் பையன்கள் ஓடுவதைப் பார்ப்பேன். முதல் சுற்றில் மான் மாதிரி போவார்கள். மூன்றாவது சுற்றில் தோள் இரண்டும் காதுவரை ஏறியிருக்கும், முஷ்டி இறுகியிருக்கும், கை முன்னும் பின்னும் வீசாமல் நெஞ்சுக்குக் குறுக்கே அலையும். ஆரம்பத்திலேயே மூச்சுக்கு மிஞ்சி ஓடினால் தசை அந்தக் கடனைப் பாதி வழியில் வட்டியோடு கேட்கும்.

ஐந்தரை நிமிடத்தை நான்கால் வகுத்தால் 82.5 வினாடி. இந்த வாரம் முதல் சுற்றை 82-க்கு முன்னால் முடிக்காதீர்கள். மெதுவாகப் போகிற மாதிரி இருக்கும். அண்ணன் முப்பது, நாற்பது மீட்டர் முன்னால் போய்விடுவார். போகட்டும், விடுங்கள். தோளை இறக்கி, விரல்களைத் தளர விட்டு ஓடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு ஆறு மணிக்குள் ஓடி முடித்துவிடுவது நல்லது.

ஞாயிற்றுக்கிழமை ஓடிவிட்டு, நான்காவது சுற்று எத்தனை வினாடி என்று மட்டும் எழுதுங்கள்.