கையுறை மூட்டிய கோள்

கேள்வி: பிறந்ததிலிருந்து பூவன் பழம் தின்று வளர்ந்தவள் நான். கொல்லையில் இப்போதும் நாலு வாழை நிற்கிறது. ஆறு மாதமாக, எங்கள் தாரில் பழுத்த பழத்தைத் தின்றாலே உதடும் நாக்கும் அரிக்கிறது. போன வாரம் தொண்டையும் அடைத்தது. 53 வயதில் புதிதாக அலர்ஜி வருமா? கார்பைடு கல்தான் காரணம் என்கிறார் வீட்டுக்காரர். தினம் ஒரு துண்டு தின்றால் பழகிவிடும் என்கிறார் நாத்தனார். (24 வருஷம் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்தேன். கையுறை அரிப்பே பழகிப்போன எனக்கு இது எம்மாத்திரம்!)

— வாசகி, திருவையாறு

பதில்: விஷயத்தையே அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைத்துவிட்டீர்களே, அம்மா!

கார்பைடு வைப்பது தடைசெய்யப்பட்ட அக்கிரமம்தான். ஆனால் உங்கள் வீட்டு உத்தரத்தில் தொங்கிய தாருக்குக் கல் வைத்தது யார், வீட்டுக்காரரா?

53 வயதிலும் வரும். முன்பின் தெரியாதவனோடு உடம்பு சண்டைக்குப் போவதில்லை; பழகித்தான் பகை. கையுறை செய்யும் ரப்பர் பாலில் உள்ள சில புரதங்களும் வாழைப்பழத்தில் உள்ளவையும் ஒரே சாயல். கையுறை வழியாகத் தோலிலும், அதில் தூவிய மாவோடு மூக்கிலும் ரப்பர் புரதம் வருஷக்கணக்கில் ஏற, உடம்பு அதைப் பகையாளியாகக் குறித்து வைத்துக்கொள்ளும். பிறகு அதே முகஜாடையில் பழம் வந்தால் ஆள் மாறி அடி விழும். ரப்பர் ஆகாதவர்களில் 30 முதல் 50 சதவீதம் பேருக்கு வாழை, கிவி, வெண்ணெய்ப்பழம், பப்பாளி என்று ஏதாவது ஒன்று ஒத்துக்கொள்ளாது. உங்களுக்கும் அதுவா என்பதை நான் சொல்லக்கூடாது. அலர்ஜி டாக்டர் தோலிலும் ரத்தத்திலும் சோதித்துச் சொல்லட்டும்.

நாத்தனார் யோசனைக்கு வருகிறேன். தொண்டை அடைத்தபின் அது வெறும் அரிப்பு இல்லை. அடுத்த தடவை மூச்சு திணறி, பிரஷர் இறங்கி, அட்ரினலின் ஊசிக்கு ஓட வேண்டியிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கும் வைத்தியம் சில உணவுகளுக்கு உண்டு. அது டாக்டர் ஊசியோடு பக்கத்தில் நிற்க நடப்பது, நாத்தனார் அடுக்களையில் அல்ல.

சோதனை முடியும்வரை பழத்தை வாயில் வைக்காதீர்கள். அர்ச்சனைத் தட்டுப் பழத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பேரனிடம் கொடுங்கள். ஐயாறப்பர் கோபித்துக்கொள்ள மாட்டார். பல் பிடுங்கப் போனாலும் கையுறை அரித்த கதையை முதலிலேயே சொல்லிவிடுங்கள். 24 வருஷம் ஊரார் கேஸ் ஷீட்டிலெல்லாம் 'அலர்ஜி' என்று சிவப்பு மையில் எழுதியிருப்பீர்கள். உங்கள் சீட்டில் யார் எழுதுவது?