அம்மாவின் கழுத்து வலி: முழங்கால் ரிப்போர்ட்டையும் காட்டுங்கள்

வணக்கம் தங்கச்சி. 74 வயது அம்மாவுக்கு மூன்று நாளாகத் தலையைத் திருப்பவே முடியவில்லை, காய்ச்சலும் இருக்கிறது, செந்தூல் கிளினிக்கில் எக்ஸ்ரே பார்த்துவிட்டுத் தசைப் பிடிப்பு என்று மாத்திரை கொடுத்தார்கள் என எழுதியிருக்கிறீர்கள். வெறும் தசைப் பிடிப்புக்குக் காய்ச்சல் வராது.

போன வருடம் முழங்காலில் எடுத்த நீரில் கால்சியம் படிகம் இருந்தது என்றீர்களே, அதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. அதே படிகம் கழுத்தின் இரண்டாவது எலும்பில், பல் மாதிரி மேலே நீட்டி நிற்கும் முனையைச் சுற்றியும் படியும். திடீரென்று அழற்சி கிளம்பினால் இப்படித்தான் வலிக்கும். இதை 'கிரவுண்ட் டென்ஸ்' (crowned dens, மகுடம் வைத்த பல்) என்பார்கள். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. சிடி ஸ்கேனில் அந்த முனைக்கு மகுடம் வைத்ததுபோல் தெரியும். பினாங்கில் என் மாமனாருக்கும் இதுதான். சரியான மருந்து தொடங்கிய சில நாளில் எழுந்து உட்கார்ந்தார், பாவம்.

ஆனால் நாமே முடிவு செய்யக்கூடாது. மூளைக்காய்ச்சலும், தண்டுவடத்தைச் சுற்றிய சீழும் இப்படியே தொடங்கலாம். இன்றே அந்த முழங்கால் ரிப்போர்ட்டோடு ஜிஎச் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். குழப்பமாகப் பேசினாலோ, கை கால் தளர்ந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ உடனே 999-க்கு அழையுங்கள். அதுவரை யாரையும் கழுத்தை நீவ விடாதீர்கள். அப்புறம், சிறுநீரகக் கோளாறு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதற்குக் கொடுக்கும் மருந்துகளின் அளவு அதைப் பொறுத்தது.