பூச்சியத்தை விட்டால் பங்கு குறையும்

கேள்வி: மகன் தரம் 5. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிறான். வாய்ப்பாடு நன்றாகத் தெரியும். ஆனால் வகுத்தலில் பிழை விடுகிறான். நேற்று 6,180ஐ 6ஆல் வகுத்து 130 என்று எழுதினான். கவனமில்லை என்று ஏசுகிறேன். என்ன செய்யலாம்?
- ஒரு தாய், உப்புவெளி

பதில்: சகோதரி, முதலில் ஏசுவதை விடுங்கள். உங்கள் மகனுக்கு வகுக்கத் தெரியும். ஒரே ஓர் இடத்தில்தான் தடுமாறுகிறான்.

6இல் 6 ஒரு தரம். சரி. அடுத்து 1ஐ இறக்குகிறான். 1இல் 6 போகாது. உடனே மேலே ஒன்றும் எழுதாமல் 8ஐயும் இறக்கி, 18இல் 3 தரம் என்று போய்விடுகிறான். போகாது என்பதும் ஒரு விடைதான், அதை 0 என்று எழுத வேண்டும். அந்த 0 இல்லாததால் ஆயிரத்தில் நிற்க வேண்டிய 1 நூறுக்கு இறங்கிவிட்டது. விடை 1,030. கட்டம் போட்ட கொப்பியில் செய்யச் சொல்லுங்கள். கீழே ஓர் இலக்கம் இறங்கினால், அதற்கு நேர் மேலே உள்ள கட்டம் வெறுமையாக இருக்கக் கூடாது.

அதைவிட முக்கியம், பென்சிலைத் தொடுமுன் விடை ஏறத்தாழ எவ்வளவு என்று அவன் சொல்வது. கரைவலை இழுத்த 6 பேர் 6,180 ரூபாவைப் பிரிக்கிறார்கள் என்று கேளுங்கள். ஆளுக்கு ஆயிரம் கொடுத்தாலே 6,000 தானே போகிறது, பிறகெப்படி 130 வரும்? பிழையை அவனே பிடிப்பான். நாம் சிவப்புப் பேனையால் வெட்டுவதைவிட அது நூறு மடங்கு மேல். முடிவில் 130ஐ 6ஆல் பெருக்கவும் சொல்லுங்கள். 780தான் வரும்.

மீதியிலும் ஒரு கண் வையுங்கள். மீதி எப்போதும் வகுக்கும் எண்ணைவிடச் சிறியது. 50ஐ 6ஆல் வகுத்து மீதி 8 என்றால், இன்னும் ஒரு தரம் போகும். அப்புறம், அந்த மீதியை என்ன செய்வது என்பதைக் கணக்கின் கதைதான் சொல்லும். நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்கு 50 பிள்ளைகள், படகுக்கு 12 பேர். 4 மீதி 2. நாலு படகு என்று எழுதினால் இரண்டு பிள்ளைகள் கரையிலேயே நிற்பார்கள்!

ஒரு நாளைக்கு ஐந்து கணக்குப் போதும். இன்றைக்கு 728ஐ 7ஆலும், 4,032ஐ 4ஆலும் வகுக்கக் கொடுத்துப் பாருங்கள். இரண்டாவதில் பூச்சியம் இரண்டு தரம் வரும்.