திருப்பி அடி என்று சொல்வதற்கு முன்: பள்ளியில் துன்புறுத்தப்படும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

பள்ளி ஆலோசகராக 22 ஆண்டுகள் பணியாற்றிய ஆசிரியை, பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

என் மகனுக்கு 8 வயது. ஒரு மாதமாகக் காலையில் வயிற்றுவலி என்கிறான். மருத்துவர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். விடுமுறை நாளில் வலி வருவதே இல்லை. என்ன நடந்தது என்று கேட்டால் வாய் திறப்பதில்லை.

அந்த வலி நடிப்பு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், அம்மா. பயந்த குழந்தைக்கு வயிறு உண்மையாகவே வலிக்கும். பொருள்கள் அடிக்கடி தொலைகின்றனவா, பள்ளி விட்டு வீட்டுக்கு வந்ததும் கழிப்பறைக்கு ஓடுகிறானா என்று கவனியுங்கள். ஆசிரியர் கண் படாத இடம் பள்ளிக் கழிப்பறை. அங்கே போகப் பயந்து நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமலே இருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

எதிரே உட்காரவைத்து "யார் அடித்தார்கள்?" என்று கேட்டால் "யாரும் இல்லை" என்றுதான் பதில் வரும். துணி மடிக்கும்போதோ சேர்ந்து நடக்கும்போதோ பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். இடைவேளையில் எங்கே நிற்பாய்? யாருடன் சாப்பிடுவாய்? உங்கள் வகுப்பில் எல்லோரும் யாரைப் பார்த்துப் பயப்படுகிறார்கள்? என் அனுபவத்தில் மூன்றாவது கேள்விதான் பெரும்பாலும் கதவைத் திறந்திருக்கிறது. அதில் அவன் தன்னைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

அவன் சொல்லத் தொடங்கினால் குறுக்கே பேசாதீர்கள். "நீ ஏன் சும்மா இருந்தாய்?" என்ற கேள்வி வேண்டவே வேண்டாம். நீங்கள் அக்கறையில் கேட்பீர்கள், அவன் காதில் அது குற்றச்சாட்டாக விழும். "என்னிடம் சொன்னது நல்லது. தவறு உன்னுடையது இல்லை. இனி செய்வதை உன்னிடம் சொல்லிவிட்டே செய்வேன்" என்று சொல்லுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அந்த வாக்கை உங்களால் காப்பாற்ற முடியாது.

என் மகனிடம் "ஒரு தடவை திருப்பி அடி, அடங்கிவிடுவான்" என்று சொன்னேன். மனைவிக்கு இதில் உடன்பாடு இல்லை.

உங்கள் மனைவி சொல்வதுதான் சரி, ஐயா. 1970களிலேயே பள்ளித் துன்புறுத்தலை ஆராய்ந்த உளவியலாளர் டான் ஒல்வேயுஸ், சாதாரணச் சண்டையிலிருந்து இதைப் பிரித்துக் காட்ட மூன்று அடையாளங்களைச் சொன்னார். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இருவருக்கும் இடையே பலம் சமமாக இல்லாதது. மூன்றாவதைக் கவனியுங்கள். திருப்பி அடிக்கும் நிலையில் உங்கள் மகன் இருந்திருந்தால் இந்தத் தொல்லை தொடங்கியே இருக்காது. இப்போது பள்ளியில் அடியும் வாங்குகிறான், வீட்டில் அப்பா சொன்னதைச் செய்ய முடியவில்லை என்ற குறுகலும் சேர்ந்துகொள்கிறது. மீறி அடித்தாலும் ஆசிரியர் கண்ணில் படுவது பெரும்பாலும் அந்த இரண்டாவது அடிதான்.

நிமிர்ந்து நின்று, "நிறுத்து. எனக்கு இது பிடிக்கவில்லை" என்று உரக்கச் சொல்லிவிட்டு, ஆள்கள் இருக்கும் பக்கம் நடந்துபோகப் பழக்குங்கள். வீட்டில் நீங்களே அந்தப் பையனாக நடியுங்கள். பத்து முறை சொல்லிப் பழகிய சொல் பயத்திலும் வாயில் வரும். இதோடு எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்லமாட்டேன். நிறுத்தவேண்டிய கடமை பெரியவர்களுடையது.

புகார் செய்தோம். பள்ளியில் இருவரையும் கூப்பிட்டுக் கைகுலுக்க வைத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் இன்னும் மோசம்.

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. சமமான இருவரின் சச்சரவுக்குத்தான் சமாதானப் பேச்சு பொருந்தும். இங்கே துன்புறுத்தியவன் எதிரிலேயே உங்கள் பிள்ளையைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அவன் எப்படி உண்மையைச் சொல்வான்?

ஒரு நோட்டில் தேதி, இடம், நடந்தது, பார்த்தவர் என்று எழுதி வாருங்கள். காயமோ கிழிந்த புத்தகமோ இருந்தால் படம் எடுத்துவையுங்கள். முதலில் வகுப்பாசிரியர், பிறகு தலைமையாசிரியர், எல்லாம் எழுத்தில். "நடவடிக்கை எடுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். இடைவேளையில் அந்த நடைவழியில் யார் நிற்பார்கள்? இடம் மாற்றுவதானால் துன்புறுத்துபவனை மாற்றுவீர்களா? அடுத்த வாரம் எந்த நாளில் மீண்டும் சந்திப்போம்? இவற்றுக்குப் பதில் வாங்காமல் எழுந்து வராதீர்கள். அந்தப் பையனின் வீட்டுக்கு நீங்களே போவது வேண்டாம், பெரியவர்களின் சண்டையாகிவிடும்.

என் மகளை யாரும் தொடுவதில்லை. வேறொரு பெண்ணைக் கேலி செய்யும்போது இவள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். தலையிடச் சொல்லலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி, அம்மா. கனடாவில் பள்ளி மைதானங்களைப் படம்பிடித்து ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார்கள். பெரும்பாலான நிகழ்வுகளில் மற்றப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள், ஆனால் தலையிட்டது சிலமுறைதான். அப்படி ஒரு பிள்ளை தலையிட்டபோது பாதிக்கும் மேற்பட்ட தடவை பத்தே வினாடிக்குள் தொல்லை நின்றது.

எதிர்த்துப் பேச அவளுக்குத் துணிவு இல்லாவிட்டால் பரவாயில்லை. சிரிக்காமல் இருக்கலாம். "வா, ஆசிரியை கூப்பிடுகிறார்" என்று அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு நகரலாம். மறுநாள் அவள் பக்கத்தில் உட்காரலாம். ஆபத்தில் இருப்பவருக்காகச் சொல்வது கோள் இல்லை என்பதையும் புரியவையுங்கள்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் என் மகனின் படத்தை மாற்றிப் போட்டுச் சிரிக்கிறார்கள்.

அழிப்பதற்கு முன் திரையைப் படமெடுத்துப் பள்ளிக்குக் கொடுங்கள். பதில் போடவேண்டாம். போனைப் பிடுங்கவும் வேண்டாம். பிடுங்கினால் அடுத்த முறை உங்களிடம் சொல்லமாட்டான்.

புகார் வந்தது என் மகன் மேல்தான். வெட்கத்தில் தலைநிமிர முடியவில்லை.

மறைக்காமல் கேட்கிறீர்களே, அதுவே பெரிது. அடிக்காதீர்கள், பலமுள்ளவன் அடிக்கலாம் என்ற அதே பாடத்தைத்தான் அது மறுபடி கற்பிக்கும். செய்ததை அவன் வாயாலேயே சொல்லவையுங்கள், கெடுத்ததை ஈடு செய்யவையுங்கள். அவனை யாராவது இப்படி நடத்துகிறார்களா என்றும் பாருங்கள், வீட்டுக்குள்ளும்.

எனக்கு 13 வயது. அம்மாவிடம் சொன்னால் அழுவார். அதனால் சொல்லவில்லை. சில நாள் நான் இல்லாமல் போனால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது.

கண்ணம்மா, இந்தப் பதிலைப் படித்தவுடன் எழுந்து அம்மாவிடம் போ. அம்மா அழுதால் அழட்டும். அழுதுவிட்டு உன் பக்கம் நிற்பார். பேச வரவில்லை என்றால் எனக்கு எழுதியதையே அவரிடம் காட்டு, கடைசி வரியையும் சேர்த்து. அம்மா வீட்டில் இல்லையென்றால் நீ நம்பும் வேறு பெரியவரிடம் இன்றைக்கே சொல். அவர் சரியாகக் காது கொடுக்காவிட்டால் அடுத்தவரிடம் சொல். இன்று இரவு தனியாக இருக்காதே. நாளை எனக்கு ஒரு வரி எழுது, காத்திருப்பேன்.