கல்வியாளராக இருந்த ஆந்த்ரே பிரான்சுவா-போன்சே எப்படி பிரான்சின் தூதரானார்?

தூதர் என்பவர் இன்னொரு நாட்டில் தங்கி, தன் நாட்டுக்காகப் பேசுபவர். அங்கே நடப்பதைக் கவனித்து எழுதி அனுப்புபவர். அந்த மண்ணின் மொழி நன்றாகத் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பிரான்சுவா-போன்சே ஜெர்மன் கற்பித்தவர். ஜெர்மன் எழுத்தாளர் கதேயின் நாவல் ஒன்றைப் பற்றித் தனி ஆய்வு நூலே எழுதியவர். அப்புறம் அரசியலுக்கு வந்து, 1931-இல் பெர்லினுக்குத் தூதராகப் போனார். பாத்திரம் வைக்கும் சத்தத்திலேயே வீட்டில் யாருக்குக் கோபம் என்று நமக்குத் தெரிந்துவிடும் அல்லவா? ஹிட்லரின் பேச்சை அவர் கேட்டதும் அப்படித்தான். சொல்லோடு தொனியையும் எடைபோட்டு பாரிசுக்கு எழுதினார். 1943-இல் ஹிட்லர் அரசின் ரகசியப் போலீசான கெஸ்டாபோ அவரைக் கைது செய்தது. அப்படியும் 1949-இல் மேற்கு ஜெர்மனிக்கே பிரான்சின் தலைமைப் பிரதிநிதியான உயர் ஆணையராகத் திரும்பினார் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

இவ்வளவு தெரிந்தவர் இரண்டாம் உலகப் போரைத் தடுத்திருக்கலாமே என்று பலர் கேட்பார்கள். தூதர் எடுத்துச் சொல்லத்தான் முடியும், முடிவெடுப்பது அரசாங்கம்.