ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்றால் அலர்ஜிதானா?

கேள்வி: என் மகனுக்கு ஒன்றரை வயது. இரண்டு மாதம் முன்பு அவித்த முட்டையின் வெள்ளைக்கருவை முதன்முதலாக ஊட்டினேன். பத்து நிமிடத்தில் வாயைச் சுற்றிச் சிவந்து, உடம்பெல்லாம் காணாக்கடி போலத் தடித்து, வாந்தியும் எடுத்தான். லேபில் அலர்ஜி பேனல் எடுத்ததில் முட்டை 9.8, பால், கோதுமை, வேர்க்கடலை, தக்காளி, கத்தரிக்காய் எல்லாம் 0.4 முதல் 0.9 வரை 'பாசிட்டிவ்'. முட்டை தவிர மற்றதையெல்லாம் அதற்கு முன் நன்றாகவே சாப்பிட்டு வந்தான். இப்போது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம்; எடை ஏறவில்லை. நான் ஐந்து மாத கர்ப்பம். நானும் முட்டை, கடலையைத் தவிர்க்க வேண்டுமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி, "அதற்கு முன் நன்றாகவே சாப்பிட்டு வந்தான்" என்பது. உணவு அலர்ஜியைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலை இந்தக் கதையைக் கேட்பதுதான்: என்ன சாப்பிட்டான், எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் என்ன ஆனது, மறுபடி கொடுத்தபோதும் அப்படியே ஆனதா? ரத்தப் பரிசோதனை அதற்கு அப்புறம்.

அந்த எண்கள் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளின் அளவு. 0.35-ஐத் தாண்டினாலே லேபில் பாசிட்டிவ் என்று அச்சிட்டுவிடுவார்கள். உடம்பு அந்த உணவை அடையாளம் கண்டு வைத்திருக்கிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. சாப்பிட்டால் உடம்பு கொதித்தெழுமா என்பதை அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கோதுமையும் புல் இனம்தான். புல்லின் மகரந்தத்துக்காக உருவான எதிர்ப்பொருள் சிலருக்குக் கோதுமையிலும் ஒட்டிக்கொண்டு பாசிட்டிவ் காட்டும், அவர்கள் பாட்டுக்குச் சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் சந்தேகப்படும் ஓரிரு உணவுக்கு மட்டும் பார்க்கச் சொல்கிறோம். மொத்தமாக வலை வீசினால் இப்படித்தான் கத்தரிக்காயும் மாட்டும். ஐஜிஜி என்று இன்னொரு பேனலும் விற்கிறார்கள். அலர்ஜியைக் கண்டுபிடிக்க அது உதவாது, காசைச் செலவழிக்காதீர்கள்.

முட்டை விஷயம் வேறு. வெள்ளைக்கரு, பத்து நிமிடம், தோலில் தடிப்பு, கூடவே வாந்தி, எண்ணும் 9.8. கதையும் பரிசோதனையும் ஒன்றையே சொல்கின்றன. இதை முட்டை அலர்ஜி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். "கொஞ்சமாகக் கொடுத்துப் பார்ப்போமே" என்று வீட்டில் யாரும் முயல வேண்டாம், பாட்டி உட்பட.

குழந்தைகளுக்கான அலர்ஜி மருத்துவர் தோல் பரிசோதனை செய்யக்கூடும். முன்கையிலோ முதுகிலோ முட்டைச் சாறு ஒரு சொட்டு, பக்கத்தில் உப்புநீர் ஒரு சொட்டு, யாருக்கும் தடிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமின் ஒரு சொட்டு வைத்து, ஒவ்வொன்றின் வழியாகவும் தோலை லேசாகக் குத்துவார்கள். ரத்தம் வராது. கால் மணி நேரத்தில் முட்டைச் சொட்டு வைத்த இடம், உப்புநீர் வைத்த இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது கூடுதலாகத் தடித்தால் பாசிட்டிவ். செட்ரிசின் போன்ற அலர்ஜி மாத்திரை, சிரப்பை ஒரு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஹிஸ்டமின் வைத்த இடம்கூடத் தடிக்காது, வந்த நடை வீண்.

அப்படியும் சந்தேகம் தீராத உணவுக்குக் கடைசித் தீர்ப்பு, ஆஸ்பத்திரியில் வைத்துச் சாப்பிடக் கொடுத்துப் பார்ப்பது. துளி அளவில் தொடங்கி, 20 - 30 நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் கூட்டி, முடிந்தபின் சில மணி நேரம் உட்கார வைத்துப் பார்ப்பார்கள். கடுமையான அலர்ஜியை அடக்கும் அட்ரினலின் ஊசி பக்கத்திலேயே தயாராக இருக்கும்.

பால், கோதுமை, கடலை ஆகியவற்றைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்பதே என் கருத்து. வளரும் பிள்ளைக்குப் பாலும் தயிரும் இல்லாமல் எடை எப்படி ஏறும்? ஆனால் எதிர்ப்பொருள் இருக்கும் குழந்தைக்கு ஒரு உணவைப் பல வாரம் நிறுத்திவிட்டுத் திடீரென்று கொடுத்தால், முன்பு இல்லாத அலர்ஜி அப்போது வருவது உண்டு. கரப்பான் (தோல் வறண்டு சிவந்து அரிக்கும் எக்ஸிமா) உள்ள பிள்ளைகளுக்கு இன்னும் கவனம் தேவை. அதனால் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். எதை முதலில், எங்கே வைத்துக் கொடுப்பது என்று அவர் வரிசை சொல்லட்டும்.

தற்செயலாக முட்டை உள்ளே போய், மூச்சு இரைந்தாலோ, குரல் கம்மினாலோ, பிள்ளை துவண்டாலோ, தடிப்போடு வாந்தி தொடர்ந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். அப்போது வேண்டியது தொடையின் வெளிப்புறத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. அரிப்பு, தடிப்புக்குப் போடும் அவில் ஊசி அதற்கு ஈடாகாது. தாமே போட்டுக்கொள்ளும் அட்ரினலின் பேனா நம் ஊர் மருந்துக் கடைகளில் எளிதில் கிடைக்காது. அவசரத்துக்கு என்ன செய்வது என்பதை மருத்துவரிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

பாக்கெட் உணவில் முட்டை சேர்த்திருந்தால் பச்சைப் புள்ளி இருக்காது, அசைவத்துக்கான பழுப்புக் குறி இருக்கும். பேக்கரியில் எடை போட்டுத் தரும் பிஸ்கட், கேக், ஹோட்டல் பரோட்டா, மயோனைஸ் இவற்றில்தான் ஏமாறுவோம். தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள், தட்டம்மை - புட்டாளம்மை - ருபெல்லா ஊசியை முட்டை அலர்ஜி உள்ள பிள்ளைகளுக்கும் போடலாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு முட்டை அலர்ஜி வளர வளர மறைந்துவிடும் என்பது இதில் ஆறுதல்.

உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் முட்டையையும் கடலையையும் நீங்கள் தாராளமாகச் சாப்பிடுங்கள். கர்ப்பத்தில் பத்தியம் இருந்தால் பிறக்கும் பிள்ளைக்கு அலர்ஜி வராது என்பதற்கு ஆதாரம் இல்லை. பிறந்த குழந்தைக்கும் தள்ளிப்போடச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே 2000-இல் முட்டைக்கு இரண்டு வயது, வேர்க்கடலைக்கு மூன்று வயது ஆகட்டும் என்றது. 2008-இல் அந்த அறிவுரையைக் கைவிட்டது. 2015-இல் லண்டனிலிருந்து வந்த லீப் ஆய்வு, அலர்ஜிக்கு வாய்ப்பு அதிகமுள்ள 640 குழந்தைகளைப் பார்த்தது. கடலையைத் தவிர்த்தவர்களில் ஐந்து வயதில் 17.2 சதவீதம் பேருக்குக் கடலை அலர்ஜி. ஒரு வயதுக்கு முன்பே சாப்பிடத் தொடங்கியவர்களில் 3.2 சதவீதம்தான். ஆகவே இளையவருக்கு ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அப்புறம் மற்ற உணவோடு நன்றாக வெந்த முட்டையும், மைய அரைத்துக் கஞ்சியில் கரைத்த கடலையும் ஒவ்வொன்றாகக் கொடுங்கள். முழுக் கடலை வேண்டாம், மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். ஆறு மாதத்துக்குள் கடுமையான கரப்பான் வந்துவிட்டால் மட்டும், தொடங்கும் முன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.